நான் நெஞ்சைக் காவல் காத்த வாரம்

என் வலது கால் செத்துக்கொண்டிருந்த வாரத்தில் நான் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தேன். கொல்லைப்புறமாகக் கள்ளன் புகுந்து அண்டா குண்டான்களை ஒவ்வொன்றாகக் கடத்திக்கொண்டிருக்க, வாசலில் நாற்காலி போட்டு மடியில் தடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரன் எப்படியோ அப்படி. அவனாவது கண் அசந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பைபாஸ் முடித்து அதிராம்பட்டினம் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் இருந்த, ஆனால் தெருவுக்கு ஒன்றிரண்டு செல்போன் மட்டுமே இருந்த காலம். பதினெட்டு வருஷம் துபாயில் ஒரு துணிக்கடையில் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கடையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. நின்றபடியே சர்க்கரை வியாதியைச் சம்பாதித்தேன். கடைக்குப் பின்னால் போய் நின்று சிகரெட் பழகினேன். கடைசியில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, முதலாளி எனக்கு உட்காரவும் தெரியும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தவர் போலப் பார்த்தார். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என் மகன் அதே துபாயில் வேறொரு கடையில் நிற்கப் போயிருந்தான்.

சென்னை டாக்டர்கள் என் இடது காலைக் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை கீறி, ஒரு ரத்தக்குழாயை உருவி எடுத்து, அதைத் துண்டு போட்டு நெஞ்சுக்குள் மாற்றுப் பாதையாகத் தைத்திருந்தார்கள். “இனிமே எனக்கு நெஞ்சு வலிச்சா காலப் புடிச்சு விடுங்க” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீறிய கால் வீங்கும், அதை உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் இரண்டு கால்களையும் மூன்று தலையணைமேல் ஏற்றி வைத்தேன். ஒரு காலுக்கு நல்லதென்றால் இரண்டு காலுக்கும் இரட்டிப்பு நல்லதுதானே?

எங்கள் ஊரில் நிக்காஹ் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு உரியது. ஆகவே நான் படுத்திருந்தது என் மனைவியின் வீட்டில், மாமியின் கூடத்தில். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷமாகியும் மாமி என் முன்னால் வந்து நின்றதில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் தொங்கும் பச்சைத் திரைக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். அந்த இருபத்து நான்கில் பதினெட்டு வருஷம் நான் துபாயில் இருந்ததால் அவருக்கு அது பெரிய சிரமமாகவும் இருந்திருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் மாப்பிள்ளை என்பவன் ஆயுள் முழுக்க விருந்தாளி. விருந்தாளி நெஞ்சடைத்துச் சாகலாம்; வீட்டாரைப் பதற வைக்கக் கூடாது. நான் பத்து நாளில் மூன்று முறை பதற வைத்தேன்.

முதல் தடவை, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு தாண்டியது. நூற்றைம்பது தாண்டியது. இருநூறைத் தாண்டியும் அந்த ஒரு நிமிஷம் முடியவில்லை. “போச்சு!” என்று கத்தினேன். வாடகை வேன் வந்தது. பட்டுக்கோட்டைக்குப் பாதி வழியில்தான் என் மனைவி என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்து முள் நின்றிருந்தது.

இரண்டாம் தடவை, திரும்பிப் படுக்கும்போது நெஞ்செலும்பில் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். எலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பி அறுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பட்டுக்கோட்டை டாக்டர் என்னை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன், வந்தது. கட்டில்.

மூன்றாம் தடவை ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால். நெஞ்சுக்குள் கோழியைச் சாக்கில் போட்டுக் கட்டியதுபோல் ஒரு படபடப்பு. அதில் ஒழுங்கே இல்லை. நாலு அடி ஓட்டம், ஓர் இடைவெளி, பிறகு திமுதிமுவென்று ஒரு பாய்ச்சல். புதுப் பேட்டரி போட்ட கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினால் எண்ணவே வரவில்லை.

“இந்தா, இந்தத் தடவ நெசமாவே…” என்றேன்.

என் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “மொதல்ல கட்டில வுட்டு எறங்கி நில்லுங்க,” என்றாள். “கட்டிலா நீங்களான்னு பாப்போம்.”

இறங்கி நின்றேன். நான்தான்.

வேன் வந்து, பட்டுக்கோட்டை போய், நெஞ்சில் ஒயர்களை ஒட்டுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் கோழி அடங்கிவிட்டது. காகிதத்தில் கோடு அழகாக, ஒரே சீராக வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒங்க ஈசிஜி என்னோடதவிட நல்லாருக்குங்க. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் பயம் வர்றது சகஜம்தான். அத மட்டும் கொஞ்சம் கொறைங்க.”

திரும்பி வரும்போது வேன்காரர், ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து, “காக்கா, வண்டிய ஒங்க வாசல்லயே போட்டுட்டு நானும் அங்கயே படுத்துக்கவா?” என்று கேட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல்: “மாப்புளைக்குப் பிஞ்சு மனசு. சீரகத் தண்ணி வெச்சுக் குடும்மா.” திரை லேசாகக் குலுங்கியது. காற்றா, சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று முடிவெடுத்தேன்: இனிமேல் வாயைத் திறப்பதில்லை. வாழ்நாளில் நான் பயந்த பயங்களிலேயே நியாயமானது அந்தச் செவ்வாய்க்கிழமைப் பயம்தான். அதைத்தான் சீரகத் தண்ணீர் கொடுத்து ஆற்றிவிட்டார்கள்.

புதன்கிழமை காலையில் கழிவறைக்குப் போகும்போது வலது கெண்டைச்சதை இறுகிப் பிடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பாதம் வேறு யாருடைய ஷூவுக்குள்ளோ இருப்பதுபோல் இருந்தது. சர்க்கரையால் என் பாதங்கள் பல வருஷமாகவே பாதி மரத்துப்போனவை. துபாயில் ஒரு முறை குண்டூசி குத்தி, மாலைவரை அதோடேயே நின்று துணி விற்றிருக்கிறேன். ஆகவே அலட்டிக்கொள்ளவில்லை. விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தன. அதற்கும் என்னிடம் காரணம் தயாராக இருந்தது. தைலம்.

தைலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் கப்பலேறியவன், விமானம் ஏறியவன் எவனும் தைலம் இல்லாமல் திரும்பியதில்லை. எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அத்தர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் பச்சையிலும் மஞ்சளிலும் தைல பாட்டில்கள் வரிசையாக நிற்கும். தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி, மகனிடமிருந்து போன் வராதது என்று எல்லாவற்றுக்கும் அதுதான். நோயாளியைப் பார்க்கப் போவது கடமை. போகும்போது இரண்டு சொட்டுத் தேய்த்துவிட்டு வருவது அந்தக் கடமையின் கடைசிப் பகுதி. என் இடது காலில் தையல் இருந்தது, அதைத் தொடக் கூடாது. நெஞ்சிலும் தையல், அதையும் தொடக் கூடாது. ஆகவே ஊரின் பாசம் முழுவதும் என் வலது காலில் இறங்கியது.

அதில் பெரும்பங்கு என் காக்காவுடையது. காக்கா, அதாவது என் அண்ணன், மலேசியாவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தினமும் அசர் தொழுதுவிட்டு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்துவிடுவார். அன்றும் உட்கார்ந்தார். பாதத்தைத் தொட்டவர், “என்னடா, ஐஸ்ல வெச்ச மீனு மாதிரி இருக்கு?” என்றார்.

“நேத்து நீங்க தேச்சதுதான் காக்கா, இன்னும் குளுருது.”

“ஒரு நாளைக்கா?” அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “அதான் மலேசியா சரக்கு.”

மறுபடி தேய்த்தார். அந்தத் தைலத்தின் குணம், முதலில் குளிரும், பிறகு எரியும். காத்திருந்தோம். எரியவில்லை.

“எரியுதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்ல காக்கா.”

பாட்டிலைத் தூக்கிப் பிடித்து லேபிளைப் படித்தார். முகம் இருண்டது. “டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டானுவடா. நாளைக்கு சிங்கப்பூர்து கொண்டாறேன். மச்சினன் போன மாசம்தான் கொண்டாந்தான்.”

மறுநாள் சிங்கப்பூர்த் தைலம் வந்தது. அதுவும் எரியவில்லை. அதையும் போலி என்று தள்ளிவைத்துவிட்டு, அலமாரியிலிருந்து சவூதியிலிருந்து வந்த மூன்றாவது பாட்டிலை எடுத்தார். உலகத்தில் தைலம் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் அயோக்கியர்களாகிவிட்டார்கள் என்பதை நாங்கள் இருவரும் நம்பத் தயாராக இருந்தோம். கோளாறு காலில் இருக்கலாம் என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கால் வெளுத்திருந்தது. ஊறவைத்த பச்சரிசியின் வெளுப்பு. “துபாய்ல ஏசியில இருந்தப்பகூட நீ இவ்ளோ கலர் இல்லியேடா,” என்று சொல்லிவிட்டுக் காக்கா என் பாதத்தைப் பத்திரமாகத் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதை உள்ளுக்குள் ஏதோ ஒன்று அறிந்துதான் இருந்தது. வியாழக்கிழமை பிற்பகல், வீட்டில் எல்லாரும் கண் அயர்ந்திருந்தபோது, வலது காலின் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. சுண்டுவிரலை ஆட்ட நினைத்தேன். அது ஆடவில்லை. இன்னொரு முறை நினைத்தேன். யாரோ ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று நிற்பதுபோல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை அசைந்தது. உடனே போர்வையை இழுத்துக் காலை மூடினேன். நாலாவது தடவையாக வேன் வரச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. செத்தாலும் சரி, சிரிக்கப்படக் கூடாது என்று ஒரு சிரிப்புக்காரன் நினைத்தான்.

அன்று மாலை மகன் துபாயிலிருந்து பேசினான். “வாப்பா, எப்படி இருக்கீங்க?”

“கல்லு மாதிரி இருக்கேன்.”

வளைகுடாவுக்குப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்ளும் வாக்கியம் அதுதான். பதினெட்டு வருஷம் அங்கிருந்து இங்கே சொன்னேன். இப்போது இங்கிருந்து அங்கே.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீடுகளில் நகம் வெட்டுவது வழக்கம். ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் குளித்து, நகம் வெட்டி, வெள்ளை உடுத்துவது. நான் பள்ளிவாசலுக்குப் போகப் போவதில்லை என்றாலும் வழக்கத்தை விடவில்லை. நெஞ்சுத் தையலோடு குனிய முடியாததால், என் மனைவி என் கால்மாட்டில் உட்கார்ந்து நகவெட்டியை எடுத்தாள். இடது காலில் தொடங்கினாள். வலது காலுக்கு வந்தாள். கட்டைவிரல், அடுத்தது, அதற்கடுத்தது. நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் நின்றது.

“என்னங்க.”

“ம்?”

“வலிக்கலையா?”

“நீ என் நகத்த வெட்டுறியா ஒன் நகத்த வெட்டுறியா?”

அவள் சிரிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். நகத்தோடு சதையையும் சேர்த்து வெட்டியிருந்தாள். சுண்டுவிரலுக்கு அடுத்த விரலில், அரிசி அளவுக்கு ஒரு சதைத்துண்டு பிய்ந்து நின்றது. அந்தக் குழி வெள்ளையாக இருந்தது. அவள் விரலை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை.

பைபாஸ் முடிந்த நாளிலிருந்து ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை தின்றுகொண்டிருந்தவன் நான். சவரம் செய்யும்போது சிறு கீறல் பட்டால்கூட நிற்காமல் வழிந்துகொண்டிருந்த உடம்பு. அவளுக்கும் அது தெரியும்.

அவள் புறங்கையை என் வலது பாதத்தில் வைத்தாள். பிறகு இடது பாதத்தில். மறுபடி வலது. “இந்தக் காலு ஒங்களோடது மாதிரியே இல்லங்க,” என்றாள். “எப்பலேந்து இப்புடி இருக்கு?”

நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் திரை விலகியது. மாமி வந்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நேராக என் கால்மாட்டுக்கு வந்து, குனிந்து, பாதத்தைப் பார்த்தார். இருபத்து நான்கு வருஷத்தில் அன்றுதான் அவர் முகத்தை நான் நேருக்கு நேராக, அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். என் மனைவியின் மூக்கு அந்த முகத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

“வேனுக்குச் சொல்லு,” என்றார் மகளிடம். “பட்டுக்கோட்டைக்கு இல்ல. தஞ்சாவூருக்கு.”

கத்துவதற்கு எனக்கு முழு உரிமை கிடைத்த நேரம் அது. நானோ போர்வையைக் காலுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கிளம்பும்போது ஆண்கள் தொப்பி அணிந்து பள்ளிவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். வேன் அவர்களுக்கு எதிர்த்திசையில் போனது. காக்கா ஜும்ஆவை விட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார். பட்டுக்கோட்டை தாண்டியதும் பழக்கதோஷத்தில் ஜிப்பாப் பையில் கையைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தார்.

“மச்சான், அதுல கைய வெக்காதீங்க!” என்றாள் என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தாதவள். பாட்டில் பைக்குள் போய்விட்டது. அதன் பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நானும் வெளியேதான் பார்த்தேன். எங்கள் பக்கத்து வயல்களுக்கு அந்த வருஷம் இன்னும் தண்ணீர் எட்டவில்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஒரத்தநாடு நெருங்கும்போது வாய்க்காலில் தண்ணீர் தெரிந்தது. தஞ்சாவூரை நெருங்க நெருங்க நடவு முடிந்த வயல்கள், பச்சை, வரப்பு தெரியாத தண்ணீர். வேறொரு நாளாக இருந்திருந்தால் ரசித்திருப்பேன். அன்று அவ்வளவு தண்ணீரும் எங்கேயோ நின்றுவிடுகிறது என்பது மட்டும்தான் தோன்றியது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கலாம். பேராவூரணிப் பக்கத்துக்காரர். தன் குடும்பத்தில் நாற்றங்காலில் இறங்காத முதல் ஆள் தான்தான் என்று பின்னொரு நாள் சொன்னார். அன்று அதற்கெல்லாம் நேரமில்லை. பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து, பாதத்தில் பசையைத் தடவி, அதன்மேல் வைத்தார். ஓடும் ரத்தத்தின் சத்தத்தை அது பெரிதாக்கிக் கேட்கவைக்குமாம். இடது காலில் வைத்தபோது ‘உஷ்… உஷ்…’ என்று கேட்டது. வலது காலில் வைத்தார். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ இரைச்சல். முழங்காலுக்குப் பின்னால் வைத்தார். இரைச்சல். தொடை இடுக்குக்குப் போனபோதுதான் மறுபடி அந்த ‘உஷ்’ வந்தது.

“எப்பலேந்து?” என்றார்.

“நேத்து…” என்றேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். “புதன்கிழமையிலேந்து.”

“காலக் காப்பாத்துறது மணிக்கணக்கு வேலைங்க. நீங்க நாள்கணக்கா வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க.” கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. “நெஞ்சுல படபடப்பு ஏதாவது வந்துச்சா?”

“செவ்வாக்கிழம வந்துச்சு. ஈசிஜி எடுக்கறதுக்குள்ள நின்னுருச்சு. பயம்னு சொன்னாங்க.”

“பயமும் இருந்திருக்கும்.” மறுபடி ஒயர்களை ஒட்டினார்கள். இந்தத் தடவை கோழி காகிதத்தில் மாட்டிக்கொண்டது; கோடு கன்னாபின்னாவென்று ஓடியது. டாக்டர் அதை என் மனைவியிடம் காட்டி விளக்கினார்.

“நெஞ்சுல அடைப்புன்னா நெஞ்சுல மட்டும்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. ஒடம்பு பூரா ஒரே குழாய்தாம்மா. அங்க குறுகிப் போயிருந்தா கால்லயும் குறுகிப் போயிருக்கும். இப்ப பெரிய ஆபரேஷன் ஆகி இதயம் களைச்சுக் கெடக்கு, தள்ளுற வேகம் கம்மி. தாளமும் தப்புது. தாளம் தப்புனா மேல் அறையில ரத்தம் ஓடாம நிக்கும். நின்ன ரத்தம் பாலு தெரையிற மாதிரி தெரஞ்சுரும். அதுல ஒரு கட்டி கெளம்பி வந்து, ஏற்கெனவே குறுகுன எடத்துல அடைச்சுக்கிட்டு நிக்குது.”

எங்கள் மாவட்டத்தில் எதை விளக்கினாலும் கடைசியில் காவேரிக்கு வந்துதான் முடிப்பார்கள். அந்த நிலையிலும் நான் அதற்காகக் காத்திருந்தேன். வந்தது.

“மேட்டூர்ல தண்ணி கம்மியா வுட்டா மொதல்ல காயிறது யாரு? கடைமடைக்காரன். நீங்க என்ன பண்ணிருக்கீங்க? கடைமடை வயலத் தூக்கி மூணு தலகாணி ஒசரத்துல வெச்சிருக்கீங்க.”

“அந்தத் தைலம்?” என்று கதவோரத்தில் நின்ற காக்கா கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கியிருந்தது.

“தைலம் அடைக்கலங்க. குளிர்ச்சிக்கு அதுதான் காரணம்னு உங்கள நம்ப வெச்சுது, அவ்வளவுதான்.”

காக்காவுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. “காக்கா, மூணு பாட்டிலும் ஒரிஜினல்தான்,” என்றேன். அவர் வெளியே போய்விட்டார்.

சம்மதப் படிவத்தில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, கட்டியை எடுப்பதற்கு. இரண்டாவது வரியை என் மனைவி விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். தேவைப்பட்டால் காலை எடுப்பதற்கு.

“தேவப்படுமா?”

“உள்ள போய்ப் பாத்தாத்தாம்மா தெரியும். ரத்தத்த வுட்டப்புறம் சதை உயிரோட இருக்கா இல்லையான்னு பாக்கணும்.”

“ஒத்தச் செருப்பு தனியா விப்பானாங்க?” என்றேன்.

“வாய மூடுங்க,” என்றாள் என் மனைவி, திரும்பிப் பார்க்காமலே. கையெழுத்துப் போட்டாள். பேனாவை உடனே வைக்கவில்லை. போட்ட கையெழுத்தின்மேல் அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள், திரும்ப அடித்துவிடலாமா என்பதுபோல.

என் இதயம் இருந்த நிலையில் முழு மயக்கம் கொடுக்க முடியாது என்று தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இடுக்கில் ஒரு துளை போட்டு, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கட்டியைத் தாண்டிப் போய் இழுத்தார்கள். இரண்டு முறை ஒன்றும் வரவில்லை. மூன்றாம் முறை டாக்டர் “ஆங்” என்றார். வட்டத் தட்டில் போட்டுக் காட்டினார். கறுத்து, நீண்டு, வழவழப்பாக, வயலில் காலைக் கவ்வும் அட்டை ரத்தம் குடித்து ஊதிக் கிடப்பதுபோல் இருந்தது. என் நெஞ்சிலிருந்து புறப்பட்டு வந்தது. நான் காவல் காத்த வாசல் வழியாகத்தான் அது வெளியே போயிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து வலி வந்தது. பாதத்தைக் கொதிக்கும் நெல் அவியலுக்குள் விட்டதுபோல் ஒரு வலி. மூன்று நாளாகப் பேசாதிருந்த கால், சேர்த்துவைத்து மொத்தமாகப் பேசியது. கத்தினேன். கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும் கத்தியதெல்லாம் வெறும் ஒத்திகை.

“கத்துங்க, நல்லாக் கத்துங்க,” என்றார் டாக்டர். “வலிச்சா உசுரு இருக்குன்னு அர்த்தம்.”

காலை எடுக்கவில்லை. ஆனால் மொத்தக் காலுக்கும் உயிர் திரும்பவில்லை. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் நிறம் மாறவே இல்லை. முதலில் நீலம், பிறகு கறுப்பு, பிறகு வெயிலில் காய்ந்த பேரீச்சங்கொட்டை. சில நாள் பார்த்துவிட்டு இரண்டையும் எடுத்தார்கள். அதற்கு நான் ஒரு நகைச்சுவையும் செய்யவில்லை. இரண்டு மூன்று தோன்றின. என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போகலாம் என்ற நாள் காலையில் டாக்டர் அந்தப் பேனாக் கருவியோடு வந்தார். வலது பாதத்தில் பசை தடவி வைத்தார். ‘உஷ்… உஷ்…’ என் மனைவி கண்ணை மூடி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். நான் கட்டிலிலிருந்து இறங்கப் போனேன்.

“இருங்க,” என்றார்.

இடது காலுக்குப் போனார். கணுக்காலில் வைத்தார். சற்று நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் பசை தடவி மறுபடி வைத்தார். சத்தம் வந்தது. வலதைவிட மெலிதாக, நடுநடுவே மூச்சுவாங்குவதுபோல். தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

“இந்தக் கால்ல நடக்கும்போது கெண்டைச்சதை புடிக்குதா?”

வழக்கமான பதில் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, “புடிக்கும்,” என்றேன்.

“எவ்வளவு தூரம் நடந்தா?”

“பள்ளிவாசலுக்குப் போற வழியில பாதியில. நின்னா சரியாயிரும். யாராவது பாத்தா கடைப் பலகையப் படிக்கிற மாதிரி நின்னுக்குவேன்.”

“எத்தனை நாளா?” இதைக் கேட்டது டாக்டர் இல்லை. என் மனைவி.

“துபாய்லேந்தே.”

“துபாய்லேந்தேன்னா?”

“ஆறேழு வருஷமா.”

அந்த ஆறேழு வருஷத்தில் அவள் என்னிடம் போனில் எத்தனை முறை எப்படி இருக்கீங்க என்று கேட்டிருப்பாள் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். எடுத்து வைத்திருந்த துணிப்பையைக் கீழே வைத்தாள்.

டாக்டர் கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, என் கேஸ் ஷீட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். “மொதல்லேந்து சொல்லுங்க,” என்றார்.

என் மனைவி நாற்காலியை இழுத்து, என் முகம் தெரியும்படி போட்டு உட்கார்ந்தாள்.